எஸ்.ஏ.டி. ரீடிங்: சொற்பட்டியல் மனப்பாடம் செய்தும் மார்க் ஏறவில்லை

புதுநதி:
அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஜிட்டல் எஸ்.ஏ.டி. தேர்வுக்குத் தயாராகிறேன். கணக்கு பரவாயில்லை. ரீடிங் அண்ட் ரைட்டிங்கில்தான் இடிக்கிறது. நீளமான சொற்பட்டியலை மனப்பாடம் செய்தும் ஆரம்பத்தில் வரும் கோடிட்ட இடக் கேள்விகள் தப்பாகின்றன. கடைசிக் கேள்விகளுக்கு நேரமும் போதவில்லை. எதை மாற்ற வேண்டும்?

செங்காந்தள்:
இந்தக் கேள்விகள் சொல்லின் பொருளை மட்டும் சோதிப்பதில்லை. அந்த இடத்தில் என்ன கருத்து வர வேண்டும் என்பதற்கான துப்பு பத்திக்குள்ளேயே இருக்கும். அதனால் நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு பத்தியைப் படியுங்கள். கோடிட்ட இடத்துக்கு உங்கள் சொந்தச் சொல் ஒன்றைத் தமிழிலாவது போடுங்கள். பிறகுதான் விடைகளைப் பார்க்க வேண்டும்.

உதாரணமாக, "முதலில் பலரும் இந்தக் கருத்தைச் சந்தேகித்தனர், ஆனால் பின்னால் நடந்த சோதனைகள் அதை ____" என்று இருந்தால், 'ஆனால்' திசையைத் திருப்பிவிட்டது. 'உறுதிப்படுத்தின' என்று நீங்களே போட்டுவிட்டால் 'கரோபரேட்டட்' தானாக மாட்டும். முதலில் விடைகளைப் பார்த்தால் 'சந்தேகம்' என்ற சொல்லோடு ஒட்டி வரும் 'ரெஃப்யூட்டட்' (தவறென்று காட்டின) இழுத்துவிடும். பெரும்பாலான தப்பு இப்படித்தான் வருகிறது.

பட்டியல் கைவிடும் இன்னொரு இடம், தெரிந்த சொல்லின் தெரியாத பொருள். 'நாவல்' என்றால் புதுமையான, 'சாம்பியன்' வினையாக வந்தால் ஆதரித்து வாதாடு, 'க்வாலிஃபை' என்றால் ஒரு கூற்றின் வீச்சைக் குறைத்துச் சொல்வது, 'அரெஸ்டிங்' என்றால் கண்ணைக் கவர்கிற. இவற்றைத் தனியாக எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் சேருங்கள். வாக்கியம் இல்லாத சொல் தேர்வறையில் உதவாது.

விடைகளில் ஒன்று தெரியாத சொல்லாக இருந்தால் பயந்து ஒதுக்காதீர்கள். தெரிந்த மூன்றும் பொருந்தவில்லையென்றால் அதுதான் விடை. தப்பான விடைக்கு மார்க் குறைப்பு கிடையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

வடவாடை:
நேரத்தைப் பற்றி: ரீடிங் அண்ட் ரைட்டிங்கில் இரண்டு மாட்யூல், அதாவது தனித்தனி நேரம் உள்ள இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 27 கேள்வி, 32 நிமிடம். கேள்விக்கு சுமார் 70 நொடி. ஆனால் எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரித்தால் தோற்பீர்கள். ஒவ்வொரு மாட்யூலிலும் சொல் கேள்விகள் முதலில், பிறகு வாசிப்பு, அதன்பின் இலக்கணம், கடைசியில் இணைப்புச் சொற்களைக் கேட்கும் கேள்விகளும், ஒரு மாணவர் எடுத்த குறிப்புகளைத் தந்து அவற்றைப் பயன்படுத்தக் கேட்கும் 'மாணவர் குறிப்புகள்' கேள்விகளும் வரும். இலக்கணக் கேள்விகள் பயிற்சி இருந்தால் அரை நிமிடத்தில் முடியும். நடுவில் உள்ள வாசிப்புக் கேள்வி ஒன்றில் ஒன்றரை நிமிடம் தாண்டினால் குறியிட்டு நகர்ந்துவிடுங்கள், அதே மாட்யூலுக்குள் திரும்பி வரலாம். மாட்யூல் முடிந்தபின் திரும்ப முடியாது. முதல் மாட்யூலில் செய்வதைப் பொறுத்தே இரண்டாவதன் கடினம் அமைவதால், அங்கே அவசரப்படுவது பெரிய நஷ்டம்.

மாணவர் குறிப்புகள் கேள்வியில் முதலில் குறிப்புகளைப் படிக்கத் தொடங்காதீர்கள். "மாணவர் என்ன செய்ய விரும்புகிறார்" என்ற வரியைப் படித்து, அந்த நோக்கத்தை நிறைவேற்றும் விடையை மட்டும் தேடுங்கள். பெரும்பாலும் நான்கு விடையும் உண்மையாகவே இருக்கும், நோக்கத்துக்குப் பொருந்துவது ஒன்றுதான்.

புதுநதி:
வாசிப்பில் எப்போதும் இரண்டு விடைக்கு நடுவே மாட்டிக்கொள்கிறேனே?

செங்காந்தள்:
இரண்டில் ஒன்று கொஞ்சம் அதிகமாகச் சொல்லும். பத்தியில் 'சில பறவைகள்' என்றிருக்க, விடை 'பறவைகள்' என்று பொதுவாக்கிவிடும். 'தொடர்பு இருக்கலாம்' என்பதை 'காரணம்' ஆக்கிவிடும். ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் எந்த வரி ஆதாரம் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியாத சொல் ஒன்று இருந்தாலும் அந்த விடை அவுட்.

வடவாடை:
தேர்வு நடக்கும் அதிகாரப்பூர்வ செயலியான ப்ளூபுக்கில் உள்ள முழு மாதிரித் தேர்வுகளை வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் எழுதாதீர்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். இடைநாட்களில், எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டின் கேள்வி வங்கியில் இருந்து ஒரே வகைக் கேள்விகளாக எடுத்துப் போடுங்கள். தப்பானவற்றில் 'சொல் தெரியவில்லை', 'துப்பைத் தவறவிட்டேன்', 'அதிகம் சொன்ன விடையை எடுத்தேன்' என்று காரணத்தைக் குறியுங்கள். அடுத்த வாரம் எதில் நேரம் செலவிடுவது என்று அதிலேயே தெரியும்.