சாவி உரசும் சத்தம்

பூட்டில் சாவி நுழையும் விதத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன். ஒரே முறையில் நுழைந்தால் அப்பா நிதானத்தில் இருக்கிறார். இரண்டு மூன்று முறை உரசினால், தம்பியை எழுப்பி உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். எனக்கு 9 வயது, அவனுக்கு 5. கத்திக்கொண்டே வந்தால்கூடப் பரவாயில்லை, சீக்கிரம் அடங்கிவிடும். ஒன்றும் பேசாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

காலையில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. அம்மா உடைந்ததைக் கூட்டி அள்ளுவாள். அப்பா வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் போட்டு, "அப்பாவுக்குக் காய்ச்சல், இன்னைக்கு வர மாட்டாங்க" என்று சொல்வது என் பொறுப்பு. குழந்தைக் குரலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு. அதனாலேயோ என்னவோ, பல வருடம் என் கோபமெல்லாம் அப்பா மேல் இல்லை, அம்மா மேல்தான்.

இப்போது 38. கணவர் குடிப்பதில்லை. ஆனாலும் ராத்திரி அவர் சாவி போடும்போது கைவேலை நின்றுவிடும், கண் மகளைத் தேடும். குடிநோயாளிகளின் வளர்ந்த பிள்ளைகளுக்கென்று அமெரிக்காவில் 1978-ல் ஒரு குழு தொடங்கியதாம். அவர்கள் தங்களிடம் கண்ட 14 குணங்களின் பட்டியலை மனநல ஆலோசகர் படிக்கக் கொடுத்தார். யாராவது கோபப்பட்டாலே நடுங்குவது, பரிதாபத்தை அன்பு என்று நினைத்துக்கொள்வது... பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன். மீதியைப் படிக்க ஒரு வாரம் ஆனது.

*

நீங்க எழுதினதைப் படிச்சேன். போன் போட்ட கதை எங்க வீட்லயும் உண்டு. நான் வீட்டுக் கோமாளி. அப்பா சிரிச்சுட்டா அடி விழாதுங்கிற கணக்குதான். இன்னைக்கும் யாராவது அழுதா உடனே ஜோக் அடிச்சு மனைவிகிட்ட திட்டு வாங்குறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். அப்பா ஒரு நாள் சத்தியம் பண்ணி ஒரேயடியா குடியை நிறுத்தினார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். ரெண்டாம் நாள் கை நடுக்கம், அப்புறம் வலிப்பு. வருஷக்கணக்கா தினமும் நிறையக் குடிச்சவங்க டாக்டர் துணை இல்லாம சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சுது. "மனசு வெச்சா நிறுத்தலாம்"னு எத்தனை தடவை கரிச்சுக் கொட்டியிருப்போம்! குடிநோய் வர்ற வாய்ப்புல ஏறக்குறைய பாதி மரபணுவால வருதாம். நான் ஒரு சொட்டு தொடுறதில்லை. வைராக்கியம்லாம் இல்லை, பயம்.

*

கணக்கு என்றீர்களே, என் கணக்கு தப்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன். தம்பியைக் காப்பாற்றியது நான் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. அப்பா போன பிறகு ஒரு நாள் அதை அவனிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அக்கா, அப்பா கத்தினது எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லை. தூங்கிட்டிருக்கும்போது வாயைப் பொத்தி எழுப்புவியே, அதுதான் இன்னமும் கனவுல வருது."

ஆலோசகரிடம்கூட இதை இரண்டு மாதம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் கணவர் வரும் நேரத்தில் மகள் அறைப் பக்கம் போவதில்லை. கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். சாவி உரசுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. எழுந்திருக்காமல் இருக்கப் பழகுகிறேன்.