அனகின் கெட்டுப்போனது ஒரே ராத்திரியிலா?

சைதாப்பேட்டை அப்பா:
போன வாரம் பத்தாவது படிக்கும் மகளோடு ஸ்டார் வார்ஸ் வரிசையில் 2005இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' பார்த்தேன். குடியரசைக் காக்கும் ஜெடை வீரர்களின் கோயிலில், அவர்களில் ஒருவனான அனகின் குழந்தைகள் முன்னால் ஒளிவாளை எடுத்ததும் அவள் படத்தை நிறுத்திவிட்டாள். "கொஞ்சம் முன்னால வரைக்கும் நல்லவனா இருந்தானேப்பா?" மனைவி பத்மே செத்துவிடுவாளோ என்ற பயம் என்று சமாளித்தேன். அதற்காக ஒருவன் குடியரசையே கவிழ்க்கத் துணை போவானா? இது கதையில் உள்ள ஓட்டையா, நிஜத்திலும் ஆட்கள் இப்படித்தான் மாறுகிறார்களா?

பழைய ரசிகன்:
ஒரே ராத்திரி இல்லை சார். இதற்கு முன்னால் வந்த 2002 படத்தில், நாபூ கிரகத்துப் புல்வெளிக் காட்சியைத் திரும்பப் போடுங்கள். அரசியல்வாதிகள் உட்கார்ந்து பேசி முடிவுக்கு வர வேண்டும், வராவிட்டால் யாராவது வரவைக்க வேண்டும் என்கிறான். இது சர்வாதிகாரம் மாதிரி இருக்கிறதே என்று பத்மே கேட்டால், வேலை நடந்தால் சரி என்கிறான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவள் சிரித்துவிடுகிறாள். அப்புறம் 2005 படத்தில் ஜெடை சபை அவனுக்கு நாற்காலி கொடுத்துவிட்டு 'மாஸ்டர்' பட்டத்தை மறுக்கிறது. கூடவே குடியரசின் தலைவராக இருந்துகொண்டே அதைக் கவிழ்க்கத் திட்டமிடும் பால்பட்டீனை உளவு பார்க்கச் சொல்கிறது. நியாயம் பேசுகிற இடமே இப்படி. அந்த நேரத்தில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகப் பேசியவர் அதே பால்பட்டீன்தான். அங்கேதான் வினை.

நூலகப்பூச்சி:
நிஜத்துக்கு உல்ரிக்கே மைன்ஹோஃப். மேற்கு ஜெர்மனியில் பேர்பெற்ற பத்திரிகையாளர், இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய். 1966இல் நாஜிக் கட்சியில் இருந்த கீஸிங்கர் சான்சலர் ஆகிறார். 1967 ஜூன் 2 அன்று, ஈரான் ஷா வந்ததை எதிர்த்த போராட்டத்தில் பென்னோ ஓனெசோர்க் என்ற மாணவரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொல்கிறார். கோர்ட்டு அவரை விட்டுவிடுகிறது. அடுத்த ஆண்டு மாணவர் தலைவர் டுச்கேயின் தலையில் குண்டு. மைன்ஹோஃப் இதையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார். எழுத்தில் சூடு ஏறிக்கொண்டே போனது.

1970 மே 14. பெர்லினில் ஒரு நூலகம். சேர்ந்து புத்தகம் எழுதுகிறோம் என்ற சாக்கில் தீவைப்பு வழக்கில் சிறையில் இருந்த தீவிர இடதுசாரி பாடரைக் காவலோடு வரவழைத்திருந்தார். கூட்டாளிகள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள், அங்கே வேலை பார்த்த ஒருவர் குண்டடிபட்டார். பாடர் ஜன்னல் வழியாகக் குதிக்க, இவரும் குதித்தார். அதோடு தலைமறைவு, குண்டுவெடிப்புகள், 1972இல் கைது, 1976இல் சிறையில் மரணம். அந்த ஜன்னலை மட்டும் பார்த்தவர்களுக்கு இவரும் ஒரே நாளில் மாறியவராகத்தான் தெரிந்திருப்பார்.

கயல்:
ஆனால் நம்பிக்கை உடைந்தவர்கள் எல்லாரும் அனகின் பக்கம் போவதில்லையே அண்ணே. 2022இல் வந்த 'ஆண்டோர்' என்ற ஸ்டார் வார்ஸ் தொடரில் கினோ லாய் என்று ஒரு சிறைப் பட்டறை மேஸ்திரி, அவரும் கைதிதான். தண்டனை நாட்களை எண்ணிக்கொண்டு மற்றவர்களை விரட்டி வேலை வாங்குவார். விடுதலையாக வேண்டிய ஒருவனை வேறு தளத்தில் திரும்ப அடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆள் மாறிவிடுகிறார். மொத்தக் கைதிகளையும் கிளப்பி வெளியே கொண்டுவருகிறார். சுற்றிலும் தண்ணீர். எல்லாரும் குதிக்கிறார்கள், இவர் நின்றுகொண்டு தனக்கு நீச்சல் தெரியாது என்கிறார். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

சைதாப்பேட்டை அப்பா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி புல்வெளிக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். அனகினைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "பத்மே ஏம்ப்பா சிரிச்சா?" என்று கேட்டாள்.