புதுப்பிப்பு: தொடாமலே மின்னிய எல்.ஈ.டி., காரணம் கிடைத்துவிட்டது

நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டான ஆர்டுயினோ ஊனோவில் பட்டனை அழுத்தாமலே எல்.ஈ.டி. மின்னுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோனாலே படபடவென்று மின்னியது. போர்டு போய்விட்டது என்றே பயந்தேன்.

போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. பட்டனை அழுத்தாதபோது பட்டன் இணைந்திருக்கும் 2ஆம் பின் (போர்டின் இணைப்புக் கால்) எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. சுற்றியுள்ள மின் இரைச்சலையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் சொன்னபடி பட்டனின் மறுகாலை கிரவுண்டில் கொடுத்து, நிரலில் பின்னின் வேலையைச் சொல்லும் பின்மோடில் இன்புட்டை இன்புட்_புல்லப் என்று மாற்றினேன். சிப்புக்குள்ளேயே இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. அழுத்தினால் லோ (0 வோல்ட்), விட்டால் ஹை (5 வோல்ட்). அதனால் நிரலில் பட்டனைச் சோதிக்கும் இஃப் நிபந்தனையையும் திருப்பிப் போட வேண்டும். சொல்லித் தந்தவர்களுக்கு மிக்க நன்றி.

அப்புறம், ஒரு அழுத்தலை மூன்றாக எண்ணுகிறது. பட்டனுக்குள்ளே தகடு துள்ளி, தொட்டுத் தொட்டு விடுவதால்தான். 50 மில்லிசெகண்ட் பொறுத்து மறுபடி படிக்கவைத்துப் பார்க்கப் போகிறேன்.