எந்தக் கண் நீலம்?

குழு: எங்கள் வீடு

அக்கா, காலை 7:12
படம் அனுப்பியிருக்கிறேன். ஜன்னல் ஓரம் எடுத்தது. பாப்பாவுக்கு ஒரு கண் பழுப்பு, மற்றது நீலம். வெளிச்சத்தால் அப்படித் தெரிகிறது என்று இனி யாரும் சொல்லாதீர்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது.

சித்தி, 7:15
எவ்வளவு அழகு! வயிற்றில் இரட்டையாக இருந்த கருக்கள் ஒன்றாகிவிட்டால்தான் இப்படி வருமாம். எனக்கு வந்த செய்தியை இங்கே போடட்டுமா?

பெரிய மாமா, 7:16
வேண்டாம்.

நான், 7:21
அப்படியும் நடப்பதுண்டு சித்தி, ஆனால் மிக அரிது. கண்மணியைச் சுற்றியிருக்கும் வளையம்தான் ஐரிஸ். அதில் மெலனின் என்ற நிறமி நிறைய இருந்தால் பழுப்பு, குறைந்தால் நீலம். நீலக் கண்ணில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. வானத்தைப் போல, ஒளி சிதறுவதால் வரும் நிறம் அது.

அம்மா, 7:22
அந்தக் கண்ணில் பார்வை குறைவா?

நான், 7:23
நிறத்தால் பார்வை குறையாது அம்மா. வெளிச்சம் கொஞ்சம் கூசலாம்.

பெரிய மாமா, 7:30
பைசாந்தியப் பேரரசர் முதலாம் அனஸ்தாசியஸுக்கும் ஒரு கண் கறுப்பு, ஒரு கண் நீலம். 491 முதல் 518 வரை ஆண்டவர்.

அக்கா, 7:31
அவளுக்கு ராஜ்ஜியம் வேண்டாம் மாமா. இரவில் தூங்கினால் போதும்.

சித்தி, 7:33
பாடகர் டேவிட் போவிக்கும் இப்படித்தானே?

நான், 7:36
அவருக்கு இரண்டும் நீலம். 1962இல் பள்ளித் தோழன் விட்ட குத்தில் ஒரு கண்மணி விரிந்தபடியே நின்றுவிட்டது. அதனால் அந்தக் கண் கறுப்பாகத் தெரிந்தது.
அக்கா, நீலக் கண்ணின் இமை தொங்குகிறதா? அந்தப் பக்கக் கண்மணி சிறியதா?

அக்கா, 7:40
இல்லை. இரண்டும் ஒரே மாதிரி.

நான், 7:42
நல்லது. நரம்புக் கோளாறு இருந்தால் அப்படித் தெரியும். காதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். மெலனின் தரும் செல்கள் உட்காதுக்கும் தேவை. வார்டன்பர்க் என்ற பரம்பரைக் குறைபாட்டில் கண் நிறமும் மாறும், கேட்கும் திறனும் குறையலாம்.

அக்கா, 7:43
தெரியும். நேற்று முழுவதும் அதைத்தான் படித்தேன். பிறந்தபோது செய்த காது சோதனையில் தேறிவிட்டாள். ஆனாலும் இரவு இரண்டு மணிக்குக் கதவுக்குப் பின்னால் நின்று டம்ளரைத் தட்டிப் பார்த்தேன்.

அம்மா, 7:43
திரும்பினாளா?

அக்கா, 7:44
தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்து ஒரு மணி நேரம் அழுதாள்.

அம்மா, 7:44
அப்பாடா. அழட்டும்.

பெரிய மாமா, 8:02
என் வலது கண்ணுக்கு மட்டும் கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். அதுவும் நிறத்தை மாற்றுமாம்.

நான், 8:05
சில சொட்டு மருந்துகள் ஐரிஸைக் கருமையாக்கும். உங்கள் அடர்பழுப்பில் தெரியாது. ஆனால் வலது இமைமயிர் மட்டும் நீண்டிருக்கக்கூடும்.

பெரிய மாமா, 8:09
நீண்டிருக்கிறது.

அத்தை, 8:10
கண்ணாடி முன்னால் இவ்வளவு நேரம் நின்றது இதற்குத்தானா!

அக்கா, 11:20
வியாழக்கிழமைக்குப் பதிவு செய்துவிட்டேன். கண், காது இரண்டும் பார்ப்பார்கள். எந்தக் கண் நீலம் என்று கேட்டார்கள். வலது என்றேன்.

அம்மா, 11:21
இடது அல்லவா?

சித்தி, 11:21
படத்தில் வலது.

அத்தை, 11:22
நமக்கு வலது என்றால் அவளுக்கு இடது.

நான், 11:23
முன்பக்கக் கேமராவில் எடுத்தாயா? சில போன்கள் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். நேரில் பார்த்துச் சொல்.

அக்கா, 11:25
மடியில்தான் இருக்கிறாள். பார்த்துவிட்டேன். இடது.
இருங்கள், என் இடதா அவள் இடதா?

அம்மா, 11:26
நான் கிளம்பி வருகிறேன்.