சென்ட்ரிஃபியூஜ் கேக் 17 சதவீதத்தைத் தாண்டவில்லை, பாலிமர் செலவைக் குறைப்பது எப்படி?

கேட்டவர்: ஷிப்ட்_பொறுப்பு

வணக்கம். எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஸ்லட்ஜிலிருந்து (கழிவுநீர்ச் சேறு) நீரைச் சுழற்றிப் பிரிக்கும் டிகேன்டர் சென்ட்ரிஃபியூஜ் தினமும் 8 மணி நேரம் ஓடுகிறது. வருவது முழுக்க ஏரேஷன் (காற்றூட்டும்) தொட்டியின் உபரி ஸ்லட்ஜ். திடப்பொருள் 1.5 சதவீதம், ஃபீட் மணிக்கு 12 கன மீட்டர். சேற்றுத் துகள்களைத் திரளவைக்கும் பவுடர் பாலிமரை 0.3 சதவீதக் கரைசலாக்கி மணிக்கு 900 லிட்டர் கொடுக்கிறோம். கேக்கில் (நீர் பிரிந்த சேறு) திடப்பொருள் 17 சதவீதம், தினமும் லாரியில் போவது 6.9 டன். சென்ட்ரேட் (பிரிந்து வரும் நீர்) பழுப்பாகத்தான் வருகிறது. பாலிமர், லாரி இரண்டின் செலவும் கையைக் கடிக்கிறது. இதை எடுத்துவிட்டு ஸ்க்ரூ பிரஸ் (திருகால் மெல்லப் பிழியும் மெஷின்) வாங்கினால் தீருமா?

பதில்: டிகேன்டர்_மெக்கானிக்

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் எண்களே பாதி விடையைச் சொல்கின்றன.

மணிக்கு 12 கன மீட்டர், 1.5 சதவீதம் என்றால் 180 கிலோ உலர் திடப்பொருள். 8 மணி நேரத்துக்கு 1,440 கிலோ. வெளியே போகும் 6.9 டன் கேக்கில் 17 சதவீதம் என்றால் 1,173 கிலோதான். மீதி 267 கிலோ சென்ட்ரேட்டோடு திரும்ப நிலையத்தின் தலைக்கே போகிறது. பிடிப்புத்திறன், அதாவது கேக்கில் சிக்கும் திடப்பொருளின் பங்கு, 81 சதவீதம். 95-க்குக் கீழே இருந்தாலே கவனிக்க வேண்டும். சென்ட்ரேட்டை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், லிட்டருக்கு 2,800 மில்லிகிராம் பக்கம் வரும்.

பாலிமர் மணிக்கு 2.7 கிலோ, அதாவது ஒரு டன் உலர் திடப்பொருளுக்கு 15 கிலோ. இவ்வளவு போட்டும் சென்ட்ரேட் பழுப்பு என்றால் பாலிமர் போதாமல் இல்லை, வேலை செய்யாமல் இருக்கிறது. திரும்பிப் போன அந்த 267 கிலோவுக்கு மட்டும் தினமும் 4 கிலோ பாலிமர் இரண்டாவது தடவை செலவாகிறது. பிடிப்பு 96 சதவீதம் ஆனால் அதே 1,173 கிலோவை வெளியேற்ற 6.8 மணி நேர ஓட்டம் போதும்.

லாரிக் கணக்கு வேறு. அது கேக்கின் உலர்வில் மட்டும்தான் குறையும். 17-இலிருந்து 20 சதவீதம் ஆனால் 6.9 டன் 5.9 டன் ஆகிவிடும்.

ஸ்க்ரூ பிரஸ் மின்சாரம் குறைவாக எடுக்கும், சத்தமும் குறைவு. ஆனால் அதற்கும் நல்ல ஃப்ளாக் (பாலிமரால் திரண்ட துகள் கட்டி) வேண்டும். கரைசல் கோளாறோடு அதை வாங்கினால் கோளாறு புது மெஷினுக்கு மாறும், அவ்வளவுதான். கரைசலை எப்படித் தயாரிக்கிறீர்கள்? எந்தத் தண்ணீர்?

கேட்டவர்: ஷிப்ட்_பொறுப்பு

ஒரே தொட்டி, 1,000 லிட்டர். பவுடர் போட்டு 20 நிமிடம் கலக்கியதும் டோசிங் தொடங்கிவிடுவோம். தண்ணீர், குளோரின் போட்ட பிறகு வெளியேறும் எங்கள் சுத்திகரித்த நீர்தான்.

பதில்: ஆய்வக_மேசை

இரண்டுமே தப்பு. பவுடர் பாலிமரின் சங்கிலி முழுதாக விரிய 45 முதல் 60 நிமிடம் ஆகும்; தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் கூட. 20 நிமிடத்தில் எடுத்தால் காசு கொடுத்த பவுடரில் ஒரு பங்கு விரியாமலே கேக்கோடு போய்விடும். எஞ்சிய குளோரின் அந்தச் சங்கிலியை அறுக்கும். குளோரின் தொட்டிக்கு முன்னாலிருந்து நீர் எடுத்து வடிகட்டி வழியாக விடுங்கள், அல்லது குளோரின் இல்லாத வேறு நீர். நீரில் மிதக்கும் துகள் இருந்தால் அதுவும் பாலிமரைத் தின்னும்.

இன்னொரு 1,000 லிட்டர் தொட்டி போடுங்கள். மணிக்கு 900 லிட்டர் என்றால் ஒரு தொட்டி 66 நிமிடம் தாங்கும். நிரப்ப 15, ஊற 50. மாற்றி மாற்றி ஓட்டினால் மயிரிழையில் சரியாக வரும். டோஸ் குறையக் குறைய நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

பவுடர் விழும் புனலின் உதட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் ஒட்டி, வழவழவென்று ஜெல் வளையம் கட்டியிருக்கும். அது பிய்ந்து விழும்போதுதான் கரைசலில் மீன்கண் போல உருண்டைகள் வருகின்றன. ஒரு லிட்டர் கரைசலை மெல்லிய சல்லடையில் ஊற்றினால் உருண்டைகள் மேலே நிற்கும். பவுடர் ஸ்க்ரூவை ஒரு நிமிடம் ஓட்டி, விழுவதை எடை போடுங்கள், மூன்று முறை. பேனலில் 0.3 என்று இருப்பதும் தொட்டியில் இருப்பதும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

அப்புறம் ஜார் டெஸ்ட், அதாவது பீக்கரில் டோஸ் சோதனை. 500 மில்லி ஸ்லட்ஜில் உங்களுக்கு 7.5 கிராம் திடப்பொருள். 0.3 சதவீதக் கரைசல் 15, 20, 25, 30 மில்லி என்றால் டன்னுக்கு 6, 8, 10, 12 கிலோ. இரண்டு பீக்கரில் 10 தடவை மாற்றி ஊற்றி, துணியில் வடித்து, 30 நொடியில் எவ்வளவு நீர் எவ்வளவு தெளிவாக இறங்குகிறது என்று குறியுங்கள். தேர்ந்த டோஸை மறுபடி 20 தடவை ஊற்றிப் பாருங்கள். இங்கே உடையும் ஃப்ளாக் சென்ட்ரிஃபியூஜுக்குள் நிச்சயம் உடையும். அப்படியானால் கிளைத்த சங்கிலியுள்ள கேஷனிக் (நேர்மின்னேற்றமுள்ள) கிரேடுகளையும் சேர்த்துச் சோதியுங்கள்.

பதில்: டிகேன்டர்_மெக்கானிக்

கரைசல் சரியான பிறகுதான் மெஷினைத் தொட வேண்டும். பௌலுக்கும் (வெளி உருளை) ஸ்க்ரோலுக்கும் (உள்ளே கேக்கைத் தள்ளும் திருகு) இடையிலான வேக வித்தியாசத்தை 0.5 ஆர்பிஎம் வீதம் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் 20-30 நிமிடம் பொறுத்து டார்க் (ஸ்க்ரோலின் முறுக்கு விசை), கேக், சென்ட்ரேட் மூன்றையும் எழுதுங்கள். திடப்பொருள் உள்ளே கூடுதல் நேரம் தங்கும், டார்க் ஏறும், கேக் உலரும். சென்ட்ரேட் கலங்க ஆரம்பித்தால் ஒரு படி பின்வாங்குங்கள், பிடிவாதம் பிடித்தால் மெஷின் அடைத்துக்கொள்ளும். வெயர் தட்டு (சென்ட்ரேட் வழிந்து வெளியேறும் தட்டு) உயரத்தை மாற்றினால் எல்லாத் தட்டையும் ஒரே உயரத்தில் வையுங்கள், இல்லையென்றால் அதிர்வு. எதற்குமே மெஷின் அசையவில்லை என்றால் ஸ்க்ரோல் விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

ஒன்றில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பாலிமரைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்காதீர்கள். 17-இலிருந்து 18 சதவீதம் ஆனால் ஒரு டன் உலர் திடப்பொருளுக்கு சுமார் 330 கிலோ கேக் குறைகிறது. அதை ஏற்றிக் கொட்டும் செலவு 2 கிலோ பாலிமர் விலையைவிட அதிகமென்றால், அந்த 2 கிலோவைப் போடுவதே லாபம்.

பதில்: ஆய்வக_மேசை

சேர்க்க ஒன்று. ஸ்லட்ஜ் தொட்டியில் மிக்ஸர் ஓடுகிறதா? ஓடாவிட்டால் காலையில் அடியிலிருந்து கெட்டியாகவும் மாலையில் தண்ணியாகவும் வரும். டோஸ் ஒரே அளவில் இருப்பதால் காலையில் போதாது, மாலையில் வீண். 2 மணிக்கொரு முறை ஃபீட் மாதிரி எடுங்கள். ஸ்லட்ஜை ஒரு நாளுக்கு மேல் காற்றில்லாமல் வைத்தால் அழுகிப் பாலிமர் கூடக் கேட்கும்.

தரையில் சிந்திய கரைசல்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் வழுக்கும். மணலோ மரத்தூளோ போட்டு அள்ளிய பிறகு கழுவுங்கள்.