மறு: ஸ்பைக் புரதத்துக்குச் சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

சேலம், அஸ்தம்பட்டி:
அனைவருக்கும் வணக்கம். பிளஸ் டூ தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி பற்றி எட்டுப் பக்கக் கையேடு. வெள்ளிக்கிழமை செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். கொரோனா வைரஸின் மேல் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தைக் 'கூர்முனைப் புரதம்' என்று எழுதினால் வாசிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. முட்புரதம் எனலாமா?

ஆத்தூர்:
முட்புதர் போல முட்புரதம். புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் கையேட்டின் முதல் வரியிலேயே 'வைரஸ்' என்று எழுதிவிட்டு இதற்கு மட்டும் தமிழ் எதற்கு, டீச்சர்? தீநுண்மி என்று மாற்றுங்கள். நச்சுயிரி வேண்டாம், அது உயிரியா என்பதே தீராத வழக்கு.

மேட்டூர்:
கொரோனா என்றால் மகுடம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். 1968இல் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நினைத்தது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளியை. நிலவையும் சூரியனையும் சுற்றும் வட்டத்துக்கு நம்மிடம் 'ஊர்கோள்' என்ற பழஞ்சொல் உண்டு. ஊர்கோள் தீநுண்மி! ஊர் என்பது இங்கே வட்டம்தானா என்று பார்த்தால்...

அஸ்தம்பட்டி:
ஐயா, நான் கேட்டது ஸ்பைக்குக்கு.

ஏற்காடு:
முள் குத்தும், இது குத்துவதில்லை. காப்பித் தோட்டத்துக்குள் போய்வந்தால் வேட்டி ஓரமெல்லாம் நாயுருவி விதை ஒட்டியிருக்கும். ஸ்பைக்கும் அப்படித்தான், நம் செல்லின் மேலுள்ள ஏசிஇ2 என்ற ஏற்பிப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அப்புறம் ஆளே மாறிவிடும்: உருவம் மடங்கி, வைரஸின் உறையைச் செல்லின் உறையோடு சேர்த்துவிடும். மடங்கிய பிறகு காட்டினால் தடுப்பூசிக்குப் பெரிய பயன் இல்லை. மடங்குமுன் உள்ள உருவத்தைத்தான் உடம்புக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அதனால் அதன் 1273 அமினோ அமிலங்களில் 986, 987ஆம் இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலத்தை வைத்து மடங்காமல் நிறுத்தினார்கள். ஃபைசர், மாடர்னா இரண்டிலும் இந்த வேலை உண்டு. இவ்வளவும் செய்கிற ஒன்றுக்கு வெறும் தோற்றத்தைப் பார்த்தா பேர் வைப்பது? ஒட்டுமுள் என்போம்.

ஆத்தூர்:
சேலத்துப் பிள்ளைகளிடம் 'ஒட்டு' என்றால் மாங்கன்றுதான் நினைவுக்கு வரும்.

அஸ்தம்பட்டி:
இன்று வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். "முள்ளை முள்ளால் எடுக்கிற மாதிரியா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. சரி, முட்புரதம். முதல் இடத்தில் மட்டும் ஸ்பைக் என்றும் சேர்த்துப் போடுகிறேன். வைரஸ் வைரஸாகவே இருக்கட்டும்.

மேட்டூர்:
ஊர்கோள் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

ஏற்காடு:
என் வாக்கு ஒட்டுமுள்ளுக்கே. ஐந்தாம் பக்கத்தைத் திருத்துங்கள்: கோவிஷீல்டு முட்புரதத்தை மட்டும் காட்டும், கோவேக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ். இரண்டையும் ஒரே படத்தில் போட்டிருக்கிறீர்கள்.