சம்பளத் துண்டு ட்ரே 2இலிருந்து வரவில்லை

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேடு) வேலை. சி ஷார்ப்பில் நான் எழுதிய புரோகிராமில் சுருக்க அறிக்கை ட்ரே 1இன் தலைப்புத்தாளிலும், சம்பளத் துண்டுகள் ட்ரே 2இன் வெள்ளைத்தாளிலும் வர வேண்டும். மூன்று கிழமையாக எல்லாமே ட்ரே 1தான்.

விண்டோஸ் 10, இரண்டு ட்ரே லேசர் பிரிண்டர். ஒவ்வொரு பக்கமும் அச்சாகுமுன் வரும் குவெரிபேஜ்செட்டிங்ஸ் நிகழ்வில் பேப்பர்சோர்ஸை (தாள் எந்த ட்ரேயிலிருந்து வர வேண்டும் என்ற அமைப்பை) மாற்றினேன். பட்டியலில் ட்ரே 2இன் ராகைண்ட் (ட்ரேயைக் குறிக்கும் எண்) 258 என்று காட்டுகிறது, அதையே கொடுத்தும் பலனில்லை. டிரைவரையும் புதிதாகப் போட்டாயிற்று. வேர்டில் ட்ரே 2ஐத் தெரிவு செய்தால் சரியாக வருகிறது, அப்படியென்றால் பிரிண்டரில் பழுதில்லை.

10ஆம் திகதி சம்பளம். கொழுந்துக் கிலோ, பிடித்தம் எல்லாம் தொழிலாளர்கள் அந்தத் துண்டில்தான் பார்ப்பார்கள்; பிந்தக் கூடாது.

ஒரே அச்சு வேலைக்குள் பக்கத்துக்குப் பக்கம் ட்ரே மாற, கோடில் வேறு எதை மாற்ற வேண்டும்?